வயதான நாய்க்கு ரத்தக் கால்சியம் 13.2: அறுவை சிகிச்சை இல்லாமல் சமாளிக்க வழி உண்டா?

கார்முகில் (கேள்வி)

ஆண் நாய், லாப்ரடார் கலப்பு, கருத்தடை செய்தது. வயது 11, எடை 24 கிலோ. பல் சுத்தம் செய்வதற்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கால்சியம் 13.2 மி.கி./டெ.லி. வந்தது. அந்த ஆய்வகத்தின் வரம்பு 9.0 முதல் 11.3. பத்து நாள் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி எடுத்ததில் 13.0.

மற்ற எண்கள்: பாஸ்பரஸ் 2.6 (வரம்பு 2.5 முதல் 6.0), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) 1.1, ஆல்புமின் (ரத்தப் புரதம்) 3.2, சிறுநீரின் ஒப்படர்த்தி 1.009. ஒரு நாளைக்கு 2.8 லிட்டர் தண்ணீர் குடிக்கிறான். சாப்பாடு வழக்கம்போல. நடையில் கொஞ்சம் மந்தம், அதை வயது என்று நினைத்திருந்தோம்.

இதயத்தில் மைட்ரல் வால்வு கசிவு இருக்கிறது. அதனால் மயக்க மருந்து, அறுவை சிகிச்சை என்றாலே பயம். மூட்டுக்காக ஒரு சப்ளிமென்ட் மாத்திரையும், எலும்புக்கு நல்லது என்று முட்டை ஓட்டுத் தூளும் இரண்டு வருடமாகக் கொடுத்து வருகிறோம்.

என் கேள்விகள்: அறுவை சிகிச்சை இல்லாமல் மருந்திலோ உணவிலோ இதைக் கட்டுக்குள் வைக்க முடியுமா? பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் கால்சியம் இறங்கும் என்று படித்தேன், இப்போதே தொடங்கலாமா? எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

---

நுண்ணோக்கி

ஸ்டீராய்டு பற்றிய கேள்வியில் இருந்து வருகிறேன், அதுதான் அவசரம். பிரட்னிசொலோன் வேண்டாம். காரணம் தெரியும் வரை ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

வயதான நாய்க்குக் கால்சியம் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புற்றுநோயை, அதிலும் நிணநீர்ப் புற்றை. ஸ்டீராய்டு உள்ளே போனால் அந்தப் புற்று சில நாளுக்குச் சுருங்கிக்கொள்ளும். கால்சியமும் இறங்கும். நாய் தேறிவிட்டது என்று தோன்றும். அதற்குப் பிறகு ஊசி போட்டு எடுக்கும் செல் மாதிரியில் எதுவும் பிடிபடாமல் போகலாம். அதைவிட மோசம், பின்னால் கீமோ தொடங்கும்போது மருந்து சரியாக வேலை செய்யாது. ஒரு வாரத்து நிம்மதிக்கு அது பெரிய விலை.

இனி உங்கள் எண்கள். கால்சியத்தைவிட நான் முதலில் பார்த்தது பாஸ்பரஸை. இரண்டையும் பெருக்குங்கள்: 13.2 × 2.6, ஏறத்தாழ 34. இந்தப் பெருக்குத்தொகை 60ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் கால்சியம் படிகிற ஆபத்து கூடுகிறது. 34 என்றால் யோசிக்கவும் பரிசோதிக்கவும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. இதே 13.2, பாஸ்பரஸ் 6.5 உடன் வந்திருந்தால் இன்றைக்கே டிரிப்ஸ் ஏற்றச் சொல்லியிருப்பேன்.

பாஸ்பரஸ் இப்படிக் கீழே கிடப்பது இன்னொன்றையும் சொல்கிறது. வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போயிருந்தால் கால்சியமும் பாஸ்பரஸும் கைகோத்து ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் பாஸ்பரஸ் ஏறத்தான் செய்யும். பாஸ்பரஸை இறக்கிக் கால்சியத்தை ஏற்றுவது பாராதைராய்டு ஹார்மோனின் (பி.டி.எச்.) கைவேலை. அது கழுத்தில் உள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று பெருத்ததால் வரலாம். அல்லது ஒரு புற்றுக்கட்டி அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் பி.டி.எச்.ஆர்.பி. என்ற பொருளைச் சுரப்பதால் வரலாம். ஆக, இப்போதைக்கு இந்த இரண்டையும்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒப்படர்த்தி 1.009, அதாவது சிறுநீர் மிகவும் நீர்த்திருக்கிறது என்றதும் சிறுநீரகம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கால்சியம் கூடினால், தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள் என்று மூளை அனுப்பும் ஹார்மோனுக்குச் சிறுநீரகம் செவி சாய்க்காது. தண்ணீர் அப்படியே சிறுநீராக வெளியேறும், அதை ஈடுகட்ட நாய் குடிக்கும். 24 கிலோவுக்கு 2.8 லிட்டர் என்றால் கிலோவுக்கு 117 மி.லி. 100ஐத் தாண்டினாலே மிகை. இரவில் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறான் என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். உடல் வறண்டால் கால்சியம் இன்னும் ஏறும், சிறுநீரகம் அப்போதுதான் உண்மையிலேயே கெடும்.

அடுத்து செய்ய வேண்டியவற்றில் விலை உயர்ந்த பரிசோதனைக்கு முன்னால் வருவது டாக்டரின் விரல். தாடைக்கடியில், தோளுக்கு முன்னால், முழங்காலுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஆசனவாய்க்குள் கையுறை விரலை விட்டு, கடிகாரத்தில் 4, 8 இருக்கும் இடத்தில் உள்ள இரண்டு பைகளையும் உருட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பையில் வரும் புற்று பட்டாணி அளவு இருக்கும்போதே கால்சியத்தை ஏற்றிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹார்மோன் பரிசோதனைக்குத் தாவுவது தவறு. பிறகு மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், அயனி கால்சியம் (ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் தனியாக இருக்கும் கால்சியம்). அட்ரினல் சுரப்பி வேலை செய்யாமல் போகும் அடிசன் நோயிலும் கால்சியம் ஏறும் என்பதால், அந்தச் சுரப்பியின் ஹார்மோனான கார்ட்டிசாலை ஒருமுறை பார்த்துவிடலாம். 2 மைக்ரோகிராம்/டெ.லி.க்கு மேல் இருந்தால் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிடலாம்.

எல்லாம் சுத்தமாக வந்தால், ஒரே சமயத்தில் எடுத்த ரத்தத்தில் அயனி கால்சியம், பி.டி.எச்., பி.டி.எச்.ஆர்.பி. மூன்றையும் பாருங்கள். வேறு வேறு நாளில் எடுத்த எண்களை ஒட்டவைத்துப் படிக்க முடியாது.

---

ஆலமரம்

ரத்தம் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம். நல்ல பரிசோதனைகள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

அயனி கால்சியத்துக்கான மாதிரியில் காற்றுப் படக் கூடாது. மூடியைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், மாதிரி காரத்தன்மைக்குப் போகும், கால்சியம் ஆல்புமினோடு ஒட்டிக்கொள்ளும், எண் பொய்யாக இறங்கும். மருத்துவமனையிலேயே கருவி இருந்தால் எடுத்த கையோடு போடுவது நல்லது.

ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குழாயில் இருந்து ஒரு சொட்டு சீரம் குழாய்க்குள் போனாலே கால்சியம் குறைவாகவும் பொட்டாசியம் கூடுதலாகவும் காட்டும். அதனால் சீரம் குழாயை முதலில் நிரப்ப வேண்டும்.

பி.டி.எச். அறை வெப்பத்தில் சிதைந்துவிடும். ரத்தம் உறைந்ததும் சுழற்றி, சீரத்தைத் தனிக் குழாய்க்கு மாற்றி, உறைய வைத்து, ஐஸ் பொதியோடு அனுப்ப வேண்டும். வெதுவெதுப்பாகப் போய்ச் சேர்ந்த மாதிரியில் பி.டி.எச். குறைவாக வந்தால், 'பாராதைராய்டு இல்லை, ஆகவே புற்று' என்று தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும்.

இன்னொன்று. ஆல்புமினை வைத்துக் கால்சியத்தைத் திருத்தும் ஒரு கணக்கு இணையத்தில் சுற்றுகிறது. நாய்களில் அது அயனி கால்சியத்தோடு ஒத்துப்போவதில்லை. நேராக அயனி கால்சியத்தையே அளந்துவிடுங்கள். சிறுநீரக நோயுள்ள நாய்களில் மொத்தக் கால்சியம் கூடியும் அயனி கால்சியம் சரியாகவும் இருப்பது அடிக்கடி நடப்பது. அங்கே கால்சியத்துக்கு மருந்து கொடுத்தால் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்ததாகிவிடும்.

---

தும்பை

முட்டை ஓட்டுத் தூளை இன்றோடு நிறுத்துங்கள். மூட்டு மாத்திரையின் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். வைட்டமின் டி3, கோலிகால்சிஃபெரால், கால்சியம் கார்பனேட், எலும்பு மாவு, இவற்றில் எது இருந்தாலும் அதையும் நிறுத்துங்கள். வீட்டில் யாராவது சொரியாசிஸ் களிம்பு பூசிக்கொள்கிறார்களா என்றும் பாருங்கள். அதில் உள்ள கால்சிபோட்ரியால், நாய் நக்கினால் விஷம். எலி மருந்துகளில் சிலவும் கோலிகால்சிஃபெரால்தான்.

ஆனால் ஒன்று. இவற்றை நிறுத்திவிட்டு நான்கு வாரம் பார்க்கலாம் என்று மற்ற பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். பாஸ்பரஸ் கீழே இருப்பதால் இந்தத் தூள்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

---

கார்முகில்

எல்லோருக்கும் நன்றி. தூள் அன்றே நின்றது. மூட்டு மாத்திரையில் டி3 இருந்தது, அதையும் நிறுத்தினோம்.

முடிவுகள்: நெறி எங்கும் கட்டவில்லை. ஆசனவாய்ப் பைகள் இரண்டும் சாதாரணம். மார்பு எக்ஸ்ரேயில் இதயம் சற்றுப் பெரிது, வேறில்லை. வயிற்று ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் கல் இல்லை. கார்ட்டிசால் 4.1. அயனி கால்சியம் 1.71 மி.மோல்/லி. (1.25 முதல் 1.45). பி.டி.எச். 4.9 பி.மோல்/லி. (0.5 முதல் 5.8). பி.டி.எச்.ஆர்.பி. 0. கழுத்து ஸ்கேனில் இடது தைராய்டின் மேல்முனையில் 6 மி.மீ. உருண்டை ஒன்று.

பி.டி.எச். வரம்புக்குள்தானே இருக்கிறது? அப்படியானால் பாராதைராய்டு இல்லை என்றுதானே அர்த்தம்?

---

நுண்ணோக்கி

இல்லை, அதுதான் பாராதைராய்டு. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகியிருப்பது பலரை ஏமாற்றும் இடம் இது.

அந்த வரம்பு கால்சியம் சரியாக இருக்கும் நாய்க்குப் போட்ட வரம்பு. அயனி கால்சியம் 1.71 இருக்கும்போது, ஒழுங்கான பாராதைராய்டு சுரப்பிகள் நான்கும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பி.டி.எச். தரைக்கு வந்திருக்க வேண்டும். இங்கே 4.9, மேல்வரம்பை ஒட்டி நிற்கிறது. தொட்டி வழிந்த பிறகும் மோட்டார் ஓடுகிறது. பி.டி.எச்.ஆர்.பி. 0. கழுத்தில் 6 மி.மீ. கட்டி. எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: முதன்மை பாராதைராய்டு மிகைச்சுரப்பு. இது பெரும்பாலும் 10 வயதை ஒட்டிய நாய்களுக்கு வருவது. பத்தில் ஒன்பது நாய்களுக்குக் காரணம் ஒரே ஒரு சுரப்பியில் வரும் தீங்கற்ற கட்டி.

கால்சியம் ஏறியதற்கான காரணங்களில் உங்களுக்கு வாய்த்தது நல்லவிதமானது. மனதைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. இதற்கு முழுக் குணம் உண்டு.

---

ஆலமரம்

இப்போது 'அறுவை சிகிச்சை இல்லாமல்' என்ற கேள்விக்கு வரலாம். இதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கத்தி வைக்காமல் கட்டியை அழிப்பது ஒன்று. கட்டியை அப்படியே விட்டுவிட்டு மருந்தால் கால்சியத்தைப் பிடித்து வைப்பது மற்றொன்று. முதலாவது குணப்படுத்தும். இரண்டாவது நாளைத் தள்ளும்.

கத்தியில்லாத வழிகள் இரண்டு. ஸ்கேனில் பார்த்தபடியே தோல் வழியாக மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் இறக்கி 96 சதவீத எத்தனாலைச் செலுத்துவது. அல்லது அதே மாதிரி ஒரு ஊசியை இறக்கி ரேடியோ அலை வெப்பத்தால் கருக்குவது. 2007இல் வெளியான, 110 நாய்களைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வில் அறுவை சிகிச்சை 94 சதவீதமும், வெப்பம் 90 சதவீதமும், எத்தனால் 72 சதவீதமும் வெற்றி பெற்றன. எத்தனாலில் முதல் தடவை பலிக்காவிட்டால் மறுபடி செய்யலாம், அறுவை சிகிச்சைக்கும் போகலாம். கதவு அடைந்துவிடுவதில்லை.

எத்தனால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் யாரிடம் போக வேண்டும் என்பதும் தெரியும். 6 மி.மீ. உருண்டையின் கொள்ளளவே ஏறத்தாழ 0.1 மி.லி.தான். சொட்டுக் கணக்கில் செலுத்த வேண்டும். செலுத்தச் செலுத்த, திரையில் கறுப்பாகத் தெரியும் கட்டி வெள்ளையாக மாறும். முழுதும் வெளுத்ததும் நிறுத்த வேண்டும். கட்டிக்குப் பக்கத்திலேயே தலைக்குப் போகும் பெரிய தமனி, குரல்வளை நரம்பு, கண்ணுக்குப் போகும் நரம்பு எல்லாம் ஓடுகின்றன. எத்தனால் வெளியே கசிந்தால் குரைப்பு கரகரக்கும், இமை தொங்கும், சில சமயம் மூச்சு விடுவதே பாதிக்கப்படும். பெரும்பாலானவை தானே சரியாகும் என்றாலும், ஒரே நாளில் இரண்டு பக்கமும் செய்யாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே, 'இதுவரை எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறீர்கள்' என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

நீங்கள் பயப்படுவது மயக்க மருந்துக்கு என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும்: இந்த ஊசி முறைகளுக்கும் மயக்க மருந்து தேவை. ஊசி உள்ளே இருக்கும்போது நாய் ஒரு முறை விழுங்கினாலே போதும், முனை நகர்ந்துவிடும். அறுவை சிகிச்சையைவிட நேரம் குறைவு, தழும்பு இல்லை, அதுதான் லாபம். கசிவு இருந்தும் இதயம் தளராத நாய்கள் கவனமாகக் கொடுத்த மயக்கத்தைத் தாங்குவது உண்டு. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து இதய நிபுணரின் கருத்தைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள், பயத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எந்த முறையானாலும் ஆபத்து அதற்குப் பிறகுதான். கட்டி செத்ததும் பி.டி.எச். சட்டென்று விழும். தூங்கிக் கிடந்த மற்ற மூன்று சுரப்பிகளும் விழித்து வேலைக்கு வர நாளாகும். இடையில், பெரும்பாலும் 2ஆம் நாளில் இருந்து 6ஆம் நாளுக்குள், கால்சியம் பள்ளத்தில் விழும். முகத்தைத் தரையில் தேய்ப்பது, முகத்தசை துடிப்பது, காலை விறைத்து நடப்பது, காரணமில்லாமல் மூச்சிரைப்பது, கடைசியில் வலிப்பு. முதல் வாரம் தினமும் ஒரு முறையாவது அயனி கால்சியம் பார்க்க வேண்டும், ஓட்டமும் துள்ளலும் கூடாது. இறங்கத் தொடங்கினால் கால்சிட்ரியாலும் (வைட்டமின் டியின் செயல்படும் வடிவம்) வாய்வழிக் கால்சியமும் கொடுப்பார்கள். அதிலும் இலக்கு கீழ்வரம்பை ஒட்டித்தான், நடுவரம்பு அல்ல. கால்சியம் சொகுசாக இருந்தால் தூங்கும் சுரப்பிகள் எழவே எழாது. பிறகு வாரக்கணக்கில் மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள்.

---

நுண்ணோக்கி

மருந்து மட்டும் போதும் என்று முடிவு செய்தால் எது எதற்கு உதவும் என்று சொல்கிறேன். அளவை உங்கள் டாக்டர் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்து வைப்பார். கணக்கு புரிவதற்காகத்தான் எண்களைச் சொல்கிறேன்.

டிரிப்ஸ்: 0.9 சதவீத சலைன். அதில் உள்ள சோடியம் சிறுநீரகத்தில் கால்சியத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியமே இருப்பதால் அது வேண்டாம். உங்கள் நாய் நன்றாகச் சாப்பிட்டுக் குடிக்கும்போது இது தேவையில்லை. இதயக் கசிவு உள்ளவனுக்குத் தோலுக்கடியில் வீட்டிலேயே சலைன் ஏற்றும் யோசனையும் வேண்டாம், நுரையீரலில் நீர் கோக்கும்.

ஃபுரோசமைடு: கால்சியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும், ஆனால் உடலில் நீர் நிறைந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வறண்ட நாய்க்குக் கொடுத்தால் எதிர்விளைவு. பின்னால் இதயத்துக்காக நீர்மாத்திரை தேவைப்பட்டால் தயசைடு வகையைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அது கால்சியத்தை உடலிலேயே நிறுத்தி வைக்கும்.

பிஸ்பாஸ்பனேட்டுகள்: எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை ரத்தத்தில் விடும் செல்களை முடக்குபவை. பாமிட்ரோனேட் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி., அதாவது 24 கிலோவுக்கு 24 முதல் 48 மி.கி., சலைனில் கலந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் சிறுநீரகம் அடிபடும். இதையும் ரிங்கர் லாக்டேட்டில் கலக்கக் கூடாது, மருந்து கால்சியத்தோடு சேர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் பலன் தெரியும், சில வாரம் நிற்கும், பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவைக்கு முன்பும் கிரியாட்டினின் பார்ப்பது கட்டாயம். சோலெட்ரானேட் 15 நிமிடத்தில் ஏறிவிடும், எச்சரிக்கை அதேதான். நீண்ட நாள் இந்த வகை மருந்து போகும் என்றால், பிடுங்க வேண்டிய பல்லை முதலிலேயே பிடுங்கிவிடுவது நல்லது. பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

கால்சிட்டோனின் சில மணி நேரத்தில் இறக்கும், சில நாளில் உடல் பழகிவிடும். நெருக்கடிக்கு மட்டும். ஸ்டீராய்டு பாராதைராய்டு கட்டியில் பெரிதாக ஒன்றும் செய்யாது. அது நிணநீர்ப் புற்று, அடிசன், வைட்டமின் டி விஷம், இவற்றுக்கானது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே குறை: மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிஸ்பாஸ்பனேட் எலும்பு வழியை அடைத்தாலும், கால்சியத்தைச் சிறுநீரகம் பிடித்து வைப்பதை அது நிறுத்துவதில்லை. அதனால் இந்த நோயில் முழுதாக வரம்புக்குள் வராமல் 12 பக்கம் நிற்பதே அதிகம்.

மருந்தே இல்லாமல் கண்காணிப்பில் வைப்பதும் ஒரு வழிதான், அதைக் கையாலாகாத்தனம் என்று நினைக்க வேண்டாம். கால்சியம் 13ஐ ஒட்டி, பாஸ்பரஸ் கீழே, கிரியாட்டினின் நன்றாக இருக்கும் நாய்கள் நல்லபடியாக நெடுநாள் இருப்பதுண்டு. ஆனால் கண்காணிப்பு என்றால் உண்மையிலேயே கண்காணிக்க வேண்டும்.

---

கார்முகில்

எக்கோவுக்கு நாள் குறித்திருக்கிறோம். அதன் முடிவு வரும் வரையும், மயக்கம் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாலும், வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்? உணவு? டாக்டர் அலென்ட்ரோனேட் மாத்திரை பற்றியும் பேசினார்.

---

தும்பை

தண்ணீர்: காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மீதியை அளந்து கழியுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் போதும், எழுதி வையுங்கள். 2.8 லிட்டர் 3.5 ஆனால் அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம். குடிப்பது திடீரென்று குறைந்து, கூடவே சோர்வும் வாந்தியும் வந்தாலும் அன்றே போக வேண்டும்.

மூச்சு: தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை தடவை விலா ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30ஐத் தாண்டினால் அது இதயத்தின் முறையீடு.

சிறுநீர்: கால்சியம் கூடுதலாக வடிவதால் கால்சியம் ஆக்சலேட் கல் வரும். இந்தக் கல்லை எந்த உணவும் மருந்தும் கரைக்காது. ஆண் நாய்க்குக் குறி எலும்பின் பின்முனையில் குழாய் குறுகுகிறது, கல் போய்ச் சிக்குவது அங்கேதான். முக்கி முக்கி நின்றும் சொட்டு மட்டுமே வருகிறது என்றால் காலை வரை பொறுக்கக் கூடாது. ரத்தம் கலந்தால், வழக்கத்துக்கு மாறாக நாறினால் சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனை கேளுங்கள். நீர்த்த சிறுநீரில் கிருமி எளிதில் தங்கும், நாய் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கலாம்.

ரத்தம்: கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கால்சியம் 14ஐத் தாண்டினாலும், பாஸ்பரஸ் ஏறத் தொடங்கினாலும், கிரியாட்டினின் வரம்புக்குள்ளேயே 1.1இல் இருந்து 1.5 ஆனாலும், பொறுத்திருக்கும் காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீர்ப்பை ஸ்கேன்.

உணவு: கால்சியத்தை உணவில் வெட்டுவதால் இந்த நோயில் பெரிதாக இறங்காது, ஏனென்றால் அது எலும்பில் இருந்து வருகிறது. வீட்டிலேயே கால்சியம் இல்லாத உணவு சமைத்துக் கொடுத்தால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். வயதான நாய்க்கான சமச்சீர் உணவைத் தண்ணீர் சேர்த்துக் குழைவாகக் கொடுங்கள். எலும்பு, எலும்பு மாவு, கல்லீரல் எண்ணெய், வைட்டமின் சி மாத்திரை வேண்டாம். சிறுநீரை அமிலமாக்கும் உணவுகளையும் தவிருங்கள். நிறையக் குடிக்க வைக்க உப்பைக் கூட்டச் சொல்வார்கள், இதயக் கசிவு இருப்பதால் உங்களுக்கு அது பொருந்தாது.

அலென்ட்ரோனேட் வாய்வழி பிஸ்பாஸ்பனேட். குடலில் உறிஞ்சப்படுவது மிகச் சிறிதளவே, உணவு உடன் இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே இரவு முழுதும் பட்டினி, காலையில் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். உணவுக்குள் பொதிந்து கொடுப்பது வீண். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கும். முழு மாத்திரையை நாக்கின் மேல், பின்பகுதியில் வைத்து வாயை மூடி, விழுங்கியதும் கன்னத்தின் ஓரமாக ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மி.லி. தண்ணீரை மெதுவாக விடுங்கள். விழுங்குவதைத் தொண்டையில் கை வைத்து உணர்ந்த பிறகு இன்னொரு 10 மி.லி. அடுத்த அரை மணி நேரம் படுக்க விடாமல் மெல்ல நடத்துங்கள். அதன் பிறகுதான் உணவு. உதடு நக்குவது, விழுங்கத் தடுமாறுவது, சாப்பிட்டதை அப்படியே கக்குவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரை அழையுங்கள்.